தப்பான பக்கத்தில் கட்டிய மங்கு

1

இன்று காலை பெரட்டு முடிந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பும்போது செல்லம்மா வழிமறித்தாள். ஒரு கையில் பால் வாளி, மறு கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. கத்தியோடு ஒரு பெண் வழிமறித்தால் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்பது பதினெட்டு வருட எஸ்டேட் வாழ்க்கையில் நான் கற்ற சில பாடங்களில் ஒன்று.

"கிராணியாரே, இன்னிக்கு மாமாவுக்குத் தெவசம். மத்தியானம் எலைக்கு வந்துருங்க. அக்காவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"வராம இருப்பேனா?"

"வழி தெரியுமில்ல? மூணாவது லயம். ரோட்டுப் பக்கமிருந்து எண்ணாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பின்னால் வந்த பெண்கள் நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தியும் பயனில்லை, சிரிப்பு என் காதில் விழுந்தது.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. கடல் வழி திறந்து, நான்கு வருடத்துக்குப் பிறகு அண்ணனின் முதல் கடிதம் போன மாதம் வந்தது. அந்த ஒரே கடிதத்தில் ஐந்து பேர் செத்துப்போயிருந்தார்கள். அண்ணன் ஒழுங்கான மனிதர், போன வரிசைப்படியே எழுதியிருந்தார். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே தடவையாக ஆற்றில் தலை முழுகினேன். மேலே ஏறித் துவட்டிக்கொண்ட பிறகுதான் பெரிய அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. மறுபடி இறங்கி அவளுக்கு மட்டும் தனியாக ஒரு முழுக்குப் போட்டேன்.

கடிதத்தின் கடைசி வரியில் அண்ணன் கேட்டிருந்தார்: "ஜப்பான்காரன் காலத்தில் அங்கே ஒருவர் தவறிப்போனால் என்ன செய்தீர்கள், யார் எடுத்தது?" அவருக்குத் தனியாக எழுதுவதை விட ஊரில் இருக்கும் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. தபால்தலை இன்னும் இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை.

2

எங்கள் எஸ்டேட் மலாயாவில், கோலா சாவாவுக்கும் ரெம்பாவுக்கும் நடுவில், ரப்பர் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. விடியலில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிடுகிறவன் கிராணி, அதாவது நான். பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, படித்த புத்தகங்களையும் ஒரு டிரங்குப் பெட்டியில் சுமந்து வந்தவன். வந்த நாளிலிருந்து பெயர்களையும் மரங்களையும் தாளில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். மரத்தின் பக்கத்தில் போய் நின்று எண்ண வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்ததில்லை. இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு உபயோகப்படும்.

ஒரு நாள் பெரட்டுக்கு வெள்ளைக்காரத் துரை வரவில்லை, அவருடைய நாய் மட்டும் வந்தது. பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு கோடு போட்டேன். சில வாரங்களில் பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தான். ரப்பரை ஏற்றிப்போகக் கப்பல் இல்லாததால் பாதி ரப்பர் காடுகளில் பால்வெட்டு நின்றது. நின்ற இடத்தில் மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி, நடுவில் அதைப் பற்றிய பேச்சு. அரிசி, பட்டியலில் பெயர் இருந்து வேலைக்கும் வருகிறவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரு சின்ன டின்.

என் மகள் விசாலத்துக்கு அப்போது ஆறு வயது. எஸ்டேட் பள்ளியில் கிழக்கே பார்த்துக் கும்பிடவும் ஜப்பானியப் பாட்டுப் பாடவும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் தண்ணீர் கேட்டால் ஜப்பானியத்தில் "ஹாய்", அதாவது சரி, என்பாள், தண்ணீர் வராது. கிராணிகளும் அந்த மொழியைக் கற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே பாடப்புத்தகம். அவள் என்னை விட மூன்று பாடம் முன்னால் இருந்தாள். இப்போது வெள்ளைக்காரன் திரும்பிவந்த இரண்டே வாரத்தில் அத்தனையையும் மறந்துவிட்டு "யெஸ்" என்கிறாள். தண்ணீர் இன்னும் வரவில்லை.

அடுத்த வருடம் பெரட்டுக்களத்துக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். நான் பெயர் கூப்பிடக் கூப்பிட ஏறினார்கள். ஏறியவர்களில் தங்கையன் ஒருவன், செல்லம்மாவின் புருஷன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏறும் முன் தன் பால்வெட்டும் கத்தியை அவளிடம் கொடுத்து, "துருப்பிடிக்காமப் பாத்துக்க. அப்பாவையும் பாத்துக்க" என்றான். அந்த வரிசையில்தான் சொன்னான். வெட்டுக்காரன் அப்படித்தான் சொல்வான்.

மூன்று மாதம் ஆறானது. ஒரு சேதியும் இல்லை. லயத்துப் பெண்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், செல்லம்மாவின் கழுத்துத் தாலியை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. இன்னும் எத்தனை நாளைக்கு என்ற பார்வை. அவள் யாரிடமும் வாதாடவில்லை. கத்தியை மட்டும் வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாள்.

3

தங்கையனின் அப்பா மாரப்பன் ஒரு நாள் காலை வெயிலில் குந்தியபடி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பாதி உரித்த கிழங்கோடு சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

செல்லம்மா காட்டிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை.

"கிராணியாரே, மாமா போயிட்டாரு. அவரு மகன் வந்து கேப்பாரு, அப்பாவுக்கு எல்லாம் மொறையா செஞ்சியான்னு. நான் பதில் சொல்லணும்."

சொன்னாளே தவிர, கேட்கவில்லை. அவன் வருவான் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பல சமயங்களில் என் கோழைத்தனம் நல்ல குணம் மாதிரித் தோன்றிவிடுகிறது.

மண்டோர் இருளப்பனைக் கூப்பிட்டேன். வெட்டுக்காரர்களை மேய்க்கும் மூத்த ஆள், சாவு வீட்டு முறை அத்தனையும் தெரிந்தவர். விரல் விட்டு எண்ணினார்.

"வெறகு வேணும். கோடித்துணி வேணும். வாய்க்கரிசி வேணும். தூக்க நாலு பேரு, மேளம், கொள்ளி வெக்க மகன்."

"இதில் நம்மிடம் எது இருக்கிறது, மண்டோர்?"

"மாரப்பன் இருக்காருங்க ஐயா."

விறகிலிருந்து தொடங்கினோம். நாலாபுறமும் மரம் நிற்கும் எஸ்டேட்டில் விறகுக்கா பஞ்சம் என்பீர்கள். ஒவ்வொரு மரமும் ராணுவச் சொத்து. அதிகாரியின் முத்திரை இல்லாமல் ஒரு கிளையைத் தொட்டால் அடுத்த விறகு தொட்டவனுக்குத்தான் தேவைப்படும். பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி கழன்று விழும் அளவுக்குக் குனிந்தேன். எனக்குத் தெரிந்த நாற்பது ஜப்பானிய வார்த்தைகளையும் மனதுக்குள் புரட்டினேன். வணக்கம் இருந்தது, நன்றி இருந்தது, இன்று மழை பெய்கிறது என்பதுகூட இருந்தது. சாவு இல்லை. பாடப்புத்தகத்தில் யாரும் சாகவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மலாயில் சொன்னேன், மாரப்பன் மத்தி, மாரப்பன் செத்துப்போனார், ஒரு மரம் வேண்டும் என்று.

அவன் பட்டியலை வாங்கி விரலால் மேலிருந்து கீழே தடவினான். மறுபடி தடவினான். மாரப்பன் இல்லை. வயதாகி வேலையை விட்டு வெகு காலமாகிவிட்ட மனிதர். எப்படி இருப்பார்?

"இந்த ஆள் இல்லை" என்றான்.

"ஆமாம், செத்துப்போனார்."

"பட்டியலில் இல்லாத ஆள் எப்படிச் சாவான்? யாருக்கு மரம்?"

அவன் குரூரமானவன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். வேறு நாட்களில் இருந்தான். அன்று அவன் ஒரு கிராணி. பட்டியலில் ஏறாத எதையும் நம்ப அவனால் முடியவில்லை. அந்த வியாதி எனக்கும் உண்டு என்பதால் மருந்தும் உடனே தெரிந்தது. பேனாவை எடுத்து, அன்றைய தேதியில் கடைசி வரியில் "மாரப்பன், புதிய ஆள், வேலைக்கு வந்தார்" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியில் "மாரப்பன், இறந்தார்" என்று எழுதி அவன் முன்னால் வைத்தேன். அவன் முகம் தெளிந்தது. இரண்டு வரிக்கும் இரண்டு முத்திரை குத்தினான். பட்டுப்போன மரம் ஒன்றை வெட்டிக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் ஸ்டோர்க்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு டின் அரிசியை அளந்து வைத்தார். புதிதாகச் சேர்ந்தவருக்கு அன்றைய பங்கு. எனக்கே அது தோன்றவில்லை. லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மண்டோர் டின்னையும் பிணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாய்க்கரிசிய அவரே சம்பாதிச்சிட்டுப் போறாருலா" என்றார்.

கோடித்துணிக்கு எங்கும் போகத் தேவையிருக்கவில்லை. ஆண்கள் கோணிச் சாக்கில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்ட காலம் அது. ஆனால் என் டிரங்குப் பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாத மல் வேட்டி ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது கப்பலை விட்டு இறங்குகையில் கட்டிக்கொள்ள வைத்திருந்தேன். அது மாரப்பனின் மேல் கிடப்பதை லயத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன். என் மனைவி கமலத்தைப் பார்த்தேன்.

"நீங்க எறங்குறப்போ வேற பாத்துக்கலாம்" என்றாள்.

தூக்குவதற்கு, எஸ்டேட்டில் மிச்சமிருந்த ஆண்களில் நிற்கத் தெம்பிருந்த மூன்று பேரும், எண்ணிக்கைக்கு நானும். அதுவரை என் தோள் தாங்கிய பெரிய பாரம் மடித்த குடைதான். மேளம் அடிக்கிறவர்கள் சயாமில் இருந்தார்கள். பெண்கள் பால் வாளிகளைக் கவிழ்த்து லயத்து முனைவரை அடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சத்தம் ஒன்றும் குறைவாக இல்லை.

கொள்ளிதான் பாக்கி. மகன் இல்லை, பங்காளி இல்லை. மண்டோர் வைப்பது என்று முடிவானது. லயத்து முனையில் பெண்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, செல்லம்மா மடியிலிருந்து தங்கையனின் கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது அவரு கை. இத இடுப்புல செருகிக்கிட்டு வையுங்க மாமா. அப்ப அவரு வெச்சதாத்தான் கணக்கு."

மண்டோருக்கு எல்லா முறையும் தெரியும் என்றேன். இந்த முறை அவருக்கும் புதிது. கொஞ்சம் யோசித்தார். பிறகு வாங்கிச் செருகிக்கொண்டார்.

"இன்னொன்னு. சாம்பலக் கரைக்கிறத மட்டும் அவருக்கு வெச்சிருங்க. அவரு வந்துதான் கரைக்கணும்."

எல்லோருக்கும் புரிந்தது. சாம்பல் காத்திருக்கும்வரை அவளும் காத்திருக்கலாம். கரைத்துவிட்டால், அவன் வரமாட்டான் என்று அவளே சொன்ன மாதிரி.

4

மறுநாள் பால் தெளித்து எலும்பும் சாம்பலும் எடுத்தோம். அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கலயத்தில் போட்டு மரத்தில் கட்டுவதுதான் வழக்கம். கலயம் கொள்ளிக்குடமாகப் போய் முதல் நாளே உடைந்துவிட்டது. ஆனால் வெட்டு நின்ற எஸ்டேட்டில் ஒரு சாமான் மட்டும் ஏராளமாகக் கிடந்தது: மங்கு. ரப்பர் மரத்தில் கம்பி வளையத்தில் தொங்கும், பால் சொட்டுச் சொட்டாக விழும் கிண்ணம். இரண்டு மங்கை வாயோடு வாய் பொருத்திக் கம்பியால் இறுக்கினார் மண்டோர். கட்டி முடித்ததும் அவருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட ஆரம்பித்தது.

"நான் கட்டிவிட்டு வருகிறேன்" என்றேன். பதினைந்து வருடம் எஸ்டேட்டில் இருந்தவனுக்கு ஒரு மரத்தில் ஒரு மங்கைக் கட்டத் தெரியாதா?

லயத்துப் பக்கம் வேண்டாம், பிள்ளைகள் பயப்படும் என்றார்கள். வெட்டு நின்ற ஏழாம் காட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து இறங்கி, நிரைகளை எண்ணி, மரங்களை எண்ணி, நல்ல மரமாகப் பார்த்துக் கட்டினேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்: ஏழாம் காடு, பன்னிரண்டாம் நிரை, முப்பதாம் மரம். செல்லம்மாவிடம் வாசித்தும் காட்டினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எழுதிவைத்தது தொலையாது என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

5

எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஏழாம் காட்டை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட வேண்டும், திங்கட்கிழமை முதல்.

மண்டோரிடம் புத்தகத்தைக் காட்டினேன்.

"சரிங்க ஐயா. எங்கேருந்து எண்ணினீங்க?"

"ரோட்டுப் பக்கமிருந்து."

"ரோடு அந்தக் காட்ட மூணு பக்கம் சுத்திக்கிட்டுப் போவுதே."

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேன் என்று நான் எழுதவில்லை. பெரட்டுக்களத்தில் மனிதர்கள் என்னை நோக்கி நிற்பார்கள், எங்கிருந்து எண்ணினாலும் ஒரே கணக்குதான் வரும். மரங்கள் அப்படி நிற்பதில்லை.

மூன்று நாள் மத்தியானத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏழாம் காட்டில் அலைந்தேன். மண்டோர் இன்னொரு பக்கம் தேடினார். மூன்று பக்கத்திலிருந்தும் எண்ணினோம். லாலான் புல் இடுப்புவரை வளர்ந்து, பாதி நிரைகள் எங்கே தொடங்குகின்றன என்பதே தெரியவில்லை. மரத்துக்கு ஒரு மங்கு தொங்கியது. ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீரும் சருகும் கொசுப்புழுவும். மாரப்பனைக் காணோம். மேற்கு ஓரத்தில் கோடரிச் சத்தம் தொடங்கிவிட்டது.

அந்த மூன்று நாளும் செல்லம்மா பெரட்டில் ஒரே கேள்வியைக் கேட்டாள். "காட்ட வெட்டுறாங்களாமே. மாமா பத்திரமா இருக்காரா?"

"இருக்கிறார்" என்றேன், மூன்று நாளும்.

இனிமேல் சொல்லப்போவதை ஊரில் உரக்க வாசிக்க வேண்டாம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, ஸ்டோரிலிருந்து எடுத்துவந்த இரண்டு மங்கைக் கழுவித் துடைத்து, அடுப்படியில் குந்தினேன். சாம்பல் சாம்பல்தானே. அவள் திறந்து பார்க்கப்போவதில்லை. அவன் வரப்போவதுமில்லை என்று என் மனதின் ஒரு மூலை சொல்லிற்று. ஒரு கை அள்ளியும்விட்டேன். கமலம் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

சொன்னேன்.

"நாம மரவள்ளி அவிச்ச சாம்பல மாமனாருன்னு அந்தப் புள்ள கும்பிடணுமா?"

"வேறு என்ன செய்வது?"

"தொலைச்சிட்டேன்னு சொல்றது. சாகவா போறீங்க?"

கையைக் கழுவிக்கொண்டு போனேன். செல்லம்மா லயத்து வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மண்டோரும் என்னோடு வந்து, எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அடுப்புச் சாம்பல் உட்பட. சொல்லி முடித்தபோது நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது வசவு. இரண்டுக்கும் தயாராகத் தலையைக் குனிந்திருந்தேன்.

அவள் கிழங்கைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், "மரத்துல எந்தப் பக்கம் கட்டினீங்க?"

"முன்பக்கம்."

"மரத்துக்கு முன்பக்கம் எது கிராணியாரே?"

எனக்குத் தெரியவில்லை. மரத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"பட்டையில வெட்டுத் தழும்பு இருந்துச்சா, வழவழன்னு இருந்துச்சா?"

"வழவழப்பாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் ஒரே தழும்பாக அசிங்கமாக இருந்தது. பெரியவருக்குச் சுத்தமான இடமாக இருக்கட்டும் என்று மறுபக்கம் போய்க் கட்டினேன். கம்பியை நானே சுற்றினேன்."

அவள் மண்டோரை நிமிர்ந்து பார்த்தாள். மண்டோர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். லாரி வந்துபோன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாமா கெடச்சிட்டாரு" என்றாள்.

உங்களுக்கும் நான் விளக்கத்தான் வேண்டும். எனக்கு அவர்கள் விளக்கினார்கள். ஒரு காட்டில் எல்லா மரத்தையும் ஒரே பக்கத்தில்தான் வெட்டுவார்கள். தழும்பு இருக்கும் பக்கத்தில்தான் பால் வரும், மங்கும் அங்கேதான் தொங்கும். வெட்டுக்காரர்கள் நடப்பதும் அந்தப் பக்கமாகவே. நானும் மண்டோரும் தேடியதும் அதே பாதையில் நடந்து, தொங்குகிற மங்குகளைப் பார்த்துத்தான். கத்தி படாத பட்டையில் மங்கு கட்டுகிற ஆள் எஸ்டேட்டில் கிடையாது. பால் வராத இடத்தில் எதற்குக் கிண்ணம்? அப்படிக் கட்டக்கூடியவன் மரத்தைத் தாளில் மட்டுமே பார்த்தவனாக இருக்க வேண்டும்.

அன்று வேலை முடிந்ததும் இருபது பெண்கள் ஏழாம் காட்டின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு நிரை. வழக்கமான பாதையை விட்டு, மரங்களின் முதுகைப் பார்த்தபடி புல்லை மிதித்து நடந்தார்கள். நான் ரோட்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டேன். "நீங்க எண்ண வேணாம் ஐயா, சும்மா நில்லுங்க" என்றார்கள். கோடரிச் சத்தத்துக்கு நாலு நிரை இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தா இருக்குடி கிராணி மரம்."

"நெசமாவா? எப்படிக் கட்டியிருக்காரு?"

"பொடவ முடிச்சு போட்டிருக்காருடி, கம்பியில."

செல்லம்மா ஓடவில்லை. புல்லை விலக்கிக்கொண்டு நடந்துபோய், கத்தி முனையால் கம்பியை மரத்திலிருந்து நெம்பிக் கழற்றி, என் முடிச்சை அவிழ்க்காமலே இரண்டு மங்கையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள். இவ்வளவு பேர் தேடியதில் லயத்துக்காரர்களின் பயமும் போய்விட்டது. பெரட்டுக்களத்து ஓரத்தில் தனியாக நின்ற ரப்பர் மரத்திலேயே கட்டுவது என்று முடிவானது. மண்டோர் கம்பியை எடுத்துக்கொண்டு தழும்புப் பக்கம் போனார்.

"அங்க வேணாம் மாமா. கிராணியாரு கட்டின மாதிரி இந்தப் பக்கமே கட்டுங்க. இனிமே தொலையாது."

6

ஜப்பான்காரன் ஒரு நாள் கொடியை இறக்கிவிட்டுப் போனான். சயாமுக்குப் போனவர்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் அதிகம். அதைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. ஒவ்வொரு முறை ரோட்டில் லாரி நின்றபோதும் செல்லம்மா வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

ஒரு முற்பகல், ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் சாக்கு, குச்சிக் கால்களில் ஆறிய புண்கள், சிரம்பானிலிருந்து நடந்தே வந்த புழுதி. யாரென்று தெரியவில்லை. பெரட்டுக்களத்து மரத்தருகே வந்தவன் நின்றான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். சூள் கொட்டினான்.

"எவன் மங்க இந்தப் பக்கம் கட்டினது" என்று சொல்லியபடி கம்பியில் கை வைத்தான்.

மனைவியைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை. இரண்டரை வருடம் சாவோடு படுத்து எழுந்து வந்தவனுக்கு, தப்பான பக்கத்தில் தொங்கும் மங்கைத் தாண்டிப்போக முடியவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவன் தங்கையன் என்று.

குழாயடியில் குடம் வைத்திருந்த செல்லம்மா நிமிர்ந்தாள். குரலில் தெரிந்திருக்கும்.

"அதத் தொடாதீங்க. அது மாமா."

அவன் கை கம்பியிலேயே நின்றது. பிறகு மெதுவாக எடுத்து, அப்படியே குந்திவிட்டான். அவள் போய்ப் பக்கத்தில் குந்தினாள். தொடவில்லை. வரிசையாகச் சொன்னாள், இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை.

"வெறகு, பட்ட மரம் ஒன்னு. வாய்க்கரிசி அவரே சம்பாதிச்சது. கோடி, கிராணியாரோட மல் வேட்டி. பொண்டுவ வாளியடிச்சோம். கொள்ளி, மண்டோரு மாமா ஒங்க கத்திய செருகிக்கிட்டு வெச்சாரு. கத்தி துருப்பிடிக்கல. கரைக்கிறது மட்டும் ஒங்களுக்குன்னு வெச்சிருக்கு."

அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இந்தப் பக்கம் கட்டினது யாரு?"

அவள் ஜன்னலைக் கைகாட்டினாள். நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே போர்ட்டிக்சன் கடலுக்கு லாரியில் போனோம். தங்கையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் புடவை முடிச்சை அவிழ்க்க முடியாமல் கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஒருவர் தவறிப்போனால், பிறகு வந்து கேட்கப்போகிறவனிடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அப்புறம் அவன் வர வேண்டும். முதலாவதை நாங்கள் முடிந்தவரை செய்தோம்.

இன்று மத்தியானம் மூன்றாவது லயத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். காக்கை முதல் தடவை கூப்பிட்டதுமே வந்தது. தங்கையனே எனக்குப் பரிமாறினான். அவன் கன்னத்தில் இப்போது கொஞ்சம் சதை. செல்லம்மா ஆறு மாதத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு, விசாலத்தின் இலையில் இரண்டாவது வடை வைத்தாள். "போதும்லா அக்கா" என்றாள் என் மகள். தின்னவும் தின்றாள்.

திரும்பும் வழியில் பெரட்டுக்களத்து மரத்தைப் பார்த்தேன். பழைய பக்கத்துப் பட்டை தேய்ந்துவிட்டது, இந்த வாரம் மறுபக்கம் திருப்பிவிட்டதாகத் தங்கையன் சாப்பாட்டின்போது சொல்லியிருந்தான். கத்தி படாமல் இருந்த அந்த வழவழப்பான பட்டையில் புதிதாக ஒரு கோடு சரிவாக ஓடியது. நான் கட்டின மாதிரியே மாரப்பனை மண்டோர் கட்டிய அதே உயரத்தில், அதே பக்கத்தில், ஒரு புது மங்கு. பாதிக்கு மேல் பால்.

நான் கட்டியது சரியான பக்கம்தான். கொஞ்சம் முன்கூட்டியே கட்டிவிட்டேன்.